பாறையைப் பிளந்த வாளுக்கு எத்தனை ஜூல்?

பொங்கல் லீவுக்கு வந்த அக்கா மகன் கையில் கரும்போடு ஒரு சண்டையையும் கொண்டுவந்தான். அவனும் கல்லூரி நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு மொபைல் கேம் செய்கிறார்கள். வாள்வீரன், வில்லாளி, அரக்கன் என்று ஒரு கூட்டமே அதில் உண்டு. ஒவ்வொருவரின் வலுவுக்கும் ஓர் எண் தர வேண்டும். 50, 100 என்று மனம்போன போக்கில் போடாமல், கதையில் யார் எதை வெட்டுகிறார்களோ அதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கணக்குப் போட்டு ஜூலில் சொல்வோம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் முதல் காட்சியிலேயே மாட்டிக்கொண்டார்கள். நாயகன் 2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் உருண்டையை ஒரே வீச்சில் இரண்டாகப் பிளக்கிறான். என் மருமகன் கணக்கில் அதற்கு 300 ஜூல். நண்பன் கணக்கில் 84 கோடி ஜூல், அதாவது 200 கிலோ டி.என்.டி. வெடிமருந்து வெடிப்பதற்குச் சமம்.

"யாரு மாமா கரெக்ட்?"

இரண்டு பேப்பரையும் வாங்கிப் பார்த்தேன். பெருக்கலில் யாருக்கும் பிழை இல்லை. நான் இருபது வருடத்துக்கு மேல் டூல் ரூமில் இரும்பை அறுத்தே காலம் தள்ளியவன். அறுப்பது, பிளப்பது, முறிப்பது, உருக்குவது எல்லாம் ஊர்ப்பேச்சில் 'வெட்டு' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். மெஷினுக்கு அவை நாலும் நாலு வேலை. கரன்ட் பில்லும் நாலு விதம்.

நண்பனின் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்த மாதிரிக் கணக்குப் போடுகிறவர்கள் அதிகம் விழும் பள்ளம் அதுதான். கருங்கல்லின் நசுக்கு வலிமை, அதாவது நசுங்கி உடையுமுன் அது தாங்கும் அழுத்தம், சுமார் 200 மெகாபாஸ்கல். ஒரு மெகாபாஸ்கல் என்பது அலகு அளவில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு ஜூல். ஆக கல்லுக்கு கன சென்டிமீட்டருக்கு 200 ஜூல். உருண்டையின் கன அளவு 4.19 கன மீட்டர். பெருக்கினால் 84 கோடி வந்துவிடும்.

அலகு பொருந்துகிறது, சரி. ஆனால் அலகு ஒன்றானால் பொருளும் ஒன்றாகிவிடாது. துருப்பிடித்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி 100 நியூட்டன் மீட்டர் முறுக்குக் கொடுத்துத் தொங்குகிறீர்கள். போல்ட் அசையவில்லை. நியூட்டன் மீட்டரும் ஜூலும் ஒரே அலகுதான், ஆனாலும் போல்ட்டுக்குள் 100 ஜூல் போகவில்லை. அசைந்தால்தான் வேலை. கல்லும் அப்படித்தான். 200 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும் கல், நொறுங்குவதற்கு முன் அரை சதவீதம்கூடச் சுருங்காது. அதுவரை அது உள்ளே வாங்கிவைக்கும் ஆற்றல் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.4 ஜூல். நண்பன் போட்டது அதைப்போல் 500 மடங்கு. கல்குவாரியில் வெடி வைப்பவர்களைக் கேட்டாலும் இதே திசையில்தான் பதில் வரும். ஒரு கன மீட்டர் கெட்டிப் பாறையைப் பெயர்க்க அரைக் கிலோ அளவு வெடிமருந்து போதும். கன சென்டிமீட்டருக்கு இரண்டு ஜூல் என்று வையுங்கள்.

ஆனாலும் அவனை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பாறையில் துளை போடும்போது ஒரு கன சென்டிமீட்டர் கல்லை எடுக்க ஆகும் ஆற்றலும், அந்தக் கல்லின் நசுக்கு வலிமையும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வருவதை டீல் என்பவர் 1965-லேயே எழுதிவிட்டார். காரணம், துளைக்கும்போது கல் மாவாகிறது. விரிசல் விட்ட துண்டையே திரும்பத் திரும்ப நசுக்கித் தூளாக்குகிறோம். ஆகவே நாயகனின் அடியில் அந்த உருண்டை முழுவதும் பவுடராகிக் காற்றில் பறந்தால் 84 கோடி நியாயமான எண். இரண்டே துண்டாகி இரண்டு பக்கம் சாய்ந்தால் இல்லை. வாளின் கனத்துக்கு, ஒரு 5 மில்லிமீட்டர் அகலக் கோடு மட்டும் மாவானது என்றால் அந்த மாவின் அளவு 15,700 கன சென்டிமீட்டர். அதற்கு 31 லட்சம் ஜூல். ஒரே காட்சி, ஒரே வலிமை எண். எவ்வளவு கல் மாவானது என்பதை மாற்றினால் விடை 270 மடங்கு மாறுகிறது.

மருமகன் கன அளவை விட்டுவிட்டுப் பரப்பைப் பிடித்தான். விரிசல் என்பது புதிதாக இரண்டு முகங்களை உண்டாக்குவது. ஒரு சதுர மீட்டர் விரிசலுக்கு இத்தனை ஜூல் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. கிரிஃபித் 1921-ல் கண்ணாடியை வைத்து ஆரம்பித்த சிந்தனை இது. கருங்கல்லுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 100 ஜூல். உருண்டையின் நடுவெட்டு 3.14 சதுர மீட்டர். ஆக 300 ஜூல் சொச்சம், 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தரையிலிருந்து நெஞ்சு உயரத்துக்குத் தூக்கும் வேலை!

கேட்டால் நம்ப முடியாது. ஆனால் கண்ணாடிக் கடையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஸ்கேலை வைத்து, கட்டரை ஒரே இழுப்பு. 'க்ர்ர்' என்று ஒரு சத்தம், மயிரிழை மாதிரி ஒரு கோடு. பிறகு கண்ணாடியை மேசை விளிம்புக்குத் தள்ளி, இரண்டு கையாலும் பிடித்து லேசாக ஒரு அழுத்து. 'டக்'. 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு மீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டில் பிரிந்துவிடும். அந்த விரிசலுக்குப் போன ஆற்றல் ஒரு ஜூலில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மாமல்லபுரத்தில் பாறைகளின் மேல் தையல் போட்டதுபோல் வரிசையாகக் குழிகள் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆப்பு வைத்துப் பிளப்பதற்காக வெட்டிய குழிகள் அவை. கல் தச்சனுக்குத் தெரியும், பாறையை வெல்வதற்குப் பாறை முழுவதோடும் மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு கோட்டை மட்டும் திறந்துவிட்டால் போதும் என்று.

ஆக கல், கண்ணாடி, பீங்கான் மாதிரி நொறுங்கும் பொருள்கள் சுத்தமாக இரண்டாகப் பிரிந்தால் பரப்புக் கணக்குதான் சரி. ஆனால் அது தருவது குறைந்தபட்சம். மருமகன் ஒன்றை விட்டுவிட்டான். பிளந்த பாதிகள் அசைகின்றன அல்லவா? ஒவ்வொன்றும் ஐந்தரை டன். நொடிக்கு ஒரு மீட்டர் என்று மெதுவாக விலகினாலே இரண்டுக்கும் சேர்த்து 5,500 ஜூல். பிளந்ததைவிட நகர்த்தியதற்கு 18 மடங்கு! அவன் காட்டிய படத்தில் பாதிகள் ஆளுக்கொரு பக்கம் பறந்து போய் மரத்தில் மோதுகின்றன. நொடிக்கு 10 மீட்டர் வேகம் என்று வைத்தால் ஐந்தரை லட்சம் ஜூல். அந்தக் காட்சிக்கு வெட்டுக் கணக்கே தேவையில்லை, பறந்த கணக்கு போதும்.

கல் சுலபம். தலைவலி இரும்பில்தான். இரும்பு பிளப்பதற்கு முன் வளையும், நீளும், பிதுங்கும். கேமில் இரண்டாவது காட்சி, 20 சென்டிமீட்டர் சதுரத்தில் உள்ளே கெட்டியான ஒரு எம்.எஸ். தூண், அதாவது மைல்ட் ஸ்டீல் என்கிற சாதா இரும்பு. நாயகன் 5 மில்லிமீட்டர் கனமுள்ள வாளால் குறுக்கே வீசுகிறான். கணக்கை எளிதாக்க நேர்க்குறுக்கு என்றே வைத்துக்கொள்வோம். வெட்டுமுகம் 400 சதுர சென்டிமீட்டர், வாள் போன பாதையின் கன அளவு 200 கன சென்டிமீட்டர். இதற்கு ஆறு விதமாகக் கணக்குப் போடலாம், ஆறும் வேறு வேறு எண் தரும்.

கல்லுக்குப் போட்ட பரப்புக் கணக்கையே போட்டால், சாதா இரும்புக்குச் சதுர மீட்டருக்கு ஒரு லட்சம் ஜூல் என்ற கணக்கில், 4,000 ஜூல். கல்லைவிட ஆயிரம் மடங்கு பிடிவாதமான பொருள், ஆனாலும் எண் சிறியதுதான். கதையில் அந்த வாளுக்குக் 'கனமே இல்லாத முனை' என்று ஏதாவது வரம் இருந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வேண்டாம்.

அடுத்தது எனக்குப் பிடித்த சார்ப்பி சோதனை. பாலிடெக்னிக் லேபில் பார்த்தவர்களுக்கு மறக்காது. சுண்டுவிரல் அளவுக்கு ஒரு துண்டு, 10-க்கு 10 மில்லிமீட்டர், நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல். மேலே தூக்கி மாட்டியிருக்கும் பெண்டுலச் சுத்தியலை விட்டால் விஷ்ஷென்று வந்து அடித்துவிட்டு அந்தப் பக்கம் ஏறும். எவ்வளவு குறைவாக ஏறியது என்று முள் காட்டும், அவ்வளவு ஜூலைத் துண்டு தின்றுவிட்டது. நல்ல எம்.எஸ். என்றால் 100 ஜூல் தின்னும். முறிந்த துண்டைக் கையில் எடுத்தால் சூடாக இருக்கும், ஓரங்கள் பிதுங்கியிருக்கும். 80 சதுர மில்லிமீட்டருக்கு 100 ஜூல் என்றால் நம் தூணுக்கு 50,000 ஜூல். ஆனால் இது அடித்து முறிப்பதன் கணக்கு. குத்து, உதை, கதாயுதம், அரக்கன் கை இவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வாளுக்குப் பொருந்தாது, ஏனென்றால் படத்தில் தூண் வளையவே இல்லை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குளிர்ந்தால் இதே இரும்பு கல் மாதிரி ஆகிவிடும். 1943 ஜனவரியில் அமெரிக்காவில் போர்ட்லண்டில் கரையோரம் கட்டியிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், யாரும் அடிக்காமல், அமைதியான தண்ணீரில், இரண்டாகப் பிளந்தது. பனிமலை உச்சியில் நாயகன் இரும்புக் கதவை உடைத்தால் எண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாளுக்கு என்ன செய்வது? வாளுக்குக் கனம் உண்டு. அந்தக் கனத்துக்கு இடம் கொடுக்க 200 கன சென்டிமீட்டர் இரும்பு எங்கேயாவது விலகியாக வேண்டும். இரும்பை அழுத்தி விலக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதற்கு நம்மிடம் நேரடியான எண் இருக்கிறது, கடினத்தன்மை. பிரினெல் சோதனையில் குண்டை அழுத்திப் பள்ளம் பார்ப்பது அதற்குத்தான். எம்.எஸ்.ஸுக்கு 130 பிரினெல் என்றால் சுமார் 1,300 மெகாபாஸ்கல். 200 கன சென்டிமீட்டரோடு பெருக்கினால் 2,60,000 ஜூல். நண்பன் பாறைக்குச் செய்த அதே பெருக்கல் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். அங்கே அசையாத கல்லையும் சேர்த்துப் பெருக்கினான். இங்கே அந்த 200 கன சென்டிமீட்டரும் உண்மையிலேயே இடம் மாறியிருக்கிறது. அழுத்தம் பெருக்கல் விலகிய கன அளவு என்பது கலப்படமில்லாத வேலைக் கணக்கு.

விலக்காமல் சீவி எடுத்தால்? அது என் வேலை. லேத், மில்லிங், பேண்ட்சா எதுவானாலும் எம்.எஸ்.ஸில் ஒரு கன மில்லிமீட்டர் எடுக்க 3 ஜூல் அளவு ஆகும். வாளின் பாதை முழுவதையும் சீவி எடுக்க 6 லட்சம் ஜூல். இந்த முறைக்கு ஒரு பெரிய வசதி, அலுமினியம், பித்தளை, ஸ்டெயின்லெஸ் எதற்கு வேண்டுமானாலும் மெஷினிங் கையேடுகளில் எண் கிடைக்கும். மில்லிமீட்டருக்குப் பத்தாயிரம் வாதம் நடக்கும் கூட்டத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சீவினால் சுருள் விழ வேண்டும். லேத்தில் வேகமாக ஓட்டும்போது நீலம் பாய்ந்த சுருள் வந்து சட்டைக்குள் விழுந்தால் தெரியும், அந்த ஆற்றலில் பெரும்பங்கு எங்கே போகிறது என்று. நாயகனின் காலடியில் ஒன்றரைக் கிலோ சூடான சுருள் கிடக்கிறதா? இல்லை. ஆகவே நான் இதை மேல்வரம்பாக மட்டும் வைத்துக்கொள்வேன்.

கத்திரிப்பது இன்னொரு முறை. ஷியரிங் மெஷினில் போவது போல முழு முகத்தையும் ஒரே நேரத்தில் நறுக்குவது. நறுக்கும் விசையை இரும்பு தாங்கும் அளவு, அதாவது தறிப்பு வலிமை, 350 மெகாபாஸ்கல் என்றால் தூணுக்கு 1,400 டன் விசை வேண்டும். கனத்தில் நாற்பது சதவீதம் பிளேடு இறங்கியதும் மிச்சம் பிய்ந்துவிடும் என்று வைத்தால் 11 லட்சம் ஜூல். இந்த முறையில் வெட்டிய இரும்பைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். மேலே பளபளவென்று ஒரு பட்டை, கீழே சொரசொரப்பு, ஓரத்தில் கையைக் கிழிக்கும் பிசிறு. ராட்சத நண்டின் கொடுக்குக்கும், டிராகன் தாடைக்கும் இதைக் கொடுங்கள். வாளுக்கு வேண்டாம்.

கடைசியில் ஒளிவாள்கள். பாதையில் உள்ள ஒன்றரைக் கிலோ இரும்பை உருக்க 20 லட்சம் ஜூல், ஆவியாக்க 1.3 கோடி. வெட்டுமுகம் செக்கச்செவேலென்று வழிந்தால் முதலாவது, புகையாய்ப் போனால் இரண்டாவது. ஒரு சின்னக் குறுக்குக் கேள்வியும் இருக்கிறது. கேஸ் கட்டிங்கில் இரும்பைச் சிவக்கச் சூடாக்கிவிட்டு ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் இரும்பே எரிந்து தனக்கு வேண்டிய வெப்பத்தில் பெரும்பகுதியைத் தானே கொடுக்கும். உருகியதெல்லாம் வெல்டர் கொடுத்த ஆற்றல் இல்லை. கதையில் நெருப்பு மந்திரவாதி யாராவது இருந்தால் அவன் இந்தத் தள்ளுபடியைக் கேட்பான்.

4,000-லிருந்து 1.3 கோடி வரை. தூண் வளையாமல், சுருள் விழாமல், முகம் சிவக்காமல், வாள் வழுவழுவென்று போயிருக்கிறது என்பதால் நான் கடினத்தன்மைக் கணக்கை எடுத்தேன், 2,60,000 ஜூல். அவர்கள் இருவருக்கும் அது முதலில் பிடிக்கவில்லை. இணையத்தில் எல்லாரும் வலிமையைத்தான் பெருக்குகிறார்கள், நாமும் அப்படிப் போட்டால்தான் மற்ற கதாநாயகர்களோடு ஒப்பிட முடியும் என்றான் நண்பன், ஸ்பீக்கர் போனில். அதுவும் ஒரு நியாயம்தான். எல்லாரும் ஒரே தப்பான தராசில் நிறுத்தால் வரிசையாவது மாறாது என்பது அவன் வாதம். ஆனால் மாறும். வலிமைப் பெருக்கல் கல்லுக்கு 500 மடங்கு கூட்டிச் சொல்கிறது. வளைந்து கொடுக்கும் எம்.எஸ்.ஸை இழுத்து முறிக்கக் கன சென்டிமீட்டருக்கு உண்மையிலேயே நூறு ஜூல் அளவு ஆகும் என்பதால், அதற்கு மூன்று நாலு மடங்குதான் கூடுகிறது. பாறை உடைப்பவன் இரும்பு வெட்டுபவனைவிடப் பெரிய ஆளாகிவிடுவான்.

அப்புறம் வில்லாளி. இதற்கு நம் வீட்டிலேயே பழைய காட்சி இருக்கிறது. சுக்ரீவன் சந்தேகப்பட, இராமன் ஒரே அம்பால் ஏழு மராமரங்களைத் துளைத்தது. மராமரத்தை ஆச்சா என்பார்கள், வைரம் பாய்ந்த மரம். மரத்துக்கும் கடினத்தன்மை எண் உண்டு. ஜான்கா சோதனையில், குறுக்குப் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் உள்ள இரும்புக் குண்டைப் பாதி வரை மரத்தில் அழுத்துகிறார்கள். கடின மரத்துக்கு 8 கிலோநியூட்டன் என்று வைத்தால் கன சென்டிமீட்டருக்கு 80 ஜூல். ஒவ்வொரு மரமும் 60 சென்டிமீட்டர் தடிமன், அம்பு போன துளை 2 சென்டிமீட்டர் விட்டம் என்று நானாக எடுத்துக்கொண்டேன். ஏழுக்கும் சேர்த்து 1,320 கன சென்டிமீட்டர், ஒரு லட்சம் ஜூல் சொச்சம். இன்றைய நல்ல காம்பவுண்ட் வில் தருவது 100 ஜூல் அளவுதான். ஆக ஆயிரம் மடங்கு. அம்பு 50 கிராம் என்றால் நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகம். ஏழு உலகத்தையும் துளைத்து அம்பறாத்தூணிக்குத் திரும்பியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. "அதுக்கு ஃபார்முலா கிடையாதா மாமா?" என்றான். கிடையாது.

அந்த வேகக் கணக்குதான் கடைசியில் அவர்களுக்கு உதவியது. எந்த முறையில் விடை வந்தாலும் அதை ஆயுதத்தின் எடையில் போட்டு வேகமாக மாற்றிப் பார்க்கச் சொன்னேன். வாள் 1.2 கிலோ. மணிக்கு 145 கிலோமீட்டரில் வரும் வேகப்பந்தின் வேகத்தில், அதாவது நொடிக்கு 40 மீட்டரில் அதை வீசினால் 960 ஜூல் இருக்கும். பரப்புக் கணக்கின் 4,000 ஜூலுக்கு நொடிக்கு 80 மீட்டர் சொச்சம், பலசாலி ஒருவன் வீசுகிறான் என்று நம்பலாம். ஆவியாக்கும் கணக்குக்கு நாலரைக் கிலோமீட்டருக்கு மேல், நாயகன் கைதான் முதலில் ஆவியாகும். நான் எடுத்த 2,60,000-க்கு நொடிக்கு 660 மீட்டர், ஒலியைப்போல் இரண்டு மடங்கு.

மருமகன் போனில் நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "அப்போ வாள் வீசற இடத்துல 'விஷ்'னு போட்ட சத்தத்த எடுத்துரு. வெடிச்சத்தம் வைக்கணும்."